இடப்பக்கப் பெட்டி

அன்று காலை அவன் டீ ஆறுவதற்காகக் காத்திருந்தான். ஊதிக் குடிக்கவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, மேலே ஆடை படிவதைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஏழே முக்கால் பஸ். சாப்பாட்டு டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"அதையே பாத்துக்கிட்டிருந்தா ஆறிடுமா? ஊதிக் குடிச்சிட்டுக் கெளம்ப வேண்டியதுதானே."

"டீக்கு என்ன அவசரம். அது எங்கயும் ஓடிப் போகாது."

"பஸ் ஓடிப் போகும்."

"அப்ப நீ ஓடு. எனக்கு எட்டரைக்குத்தான் ஷிப்ட்."

"இருமி இருமி ராத்திரி பூரா யாரும் தூங்கல. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா மட்டும் காது கேக்காது."

"எதுக்கு ஆஸ்பத்திரி? நீதானே சொன்னே, எண்பத்திரண்டுன்னு. பள்ளிக்கூடத்துலகூட நான் எண்பத்திரண்டு வாங்கினதில்ல. இப்பதான் வாங்கியிருக்கேன், அதையும் கெடுக்கப் பாக்குறியே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய சாம்பல் நிறச் சட்டையின் பைமேல் 417 என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. ஏழில் ஒரு தையல் விட்டுப்போய்த் தொங்கியது. சாயங்காலம் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை திரும்பும்போது பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. அவன் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

எண்பத்திரண்டு என்பது மூச்சின் அளவு. அவன் கல் அறுக்கும் ஆலையில் பெரிய பிளேடு ஓடும் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை மூன்றாவது வாரத்தில் அங்கே ஒரு சோதனை வண்டி வரும். ஆட்கள் வரிசையில் நின்று ஒரு குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊத வேண்டும். நல்ல நெஞ்சுள்ள மனிதனின் மூச்சு நூறு என்றால் இவன் மூச்சு எவ்வளவு என்று ஓர் எண் வரும். அறுபதுக்குக் கீழே போனால் அந்த ஆளைத் தூசியிலிருந்து எடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

அந்த எண்களை அட்டவணையாக்குவது அவளுடைய வேலை.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். நான்கு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. மின்விசிறி கம்ப்யூட்டர்களைப் பார்த்துத்தான் சுற்றும், மனிதர்களைப் பார்த்துச் சுற்றாது. ஐந்து ஆலைகளிலிருந்து ஐந்து கோப்புகள் வரும். ஒவ்வொரு வரியும் ஒரு தொழிலாளி. முதலில் அவன் எண், பிறகு மாதாமாதம் அவன் ஊதிய அளவு, நடுநடுவே கமா. பெயர் கிடையாது. ஓர் ஆலையில் கமாவுக்குப் பதில் முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். இன்னொன்றில் எட்டுக்குப் பக்கத்தில் இடைவெளி விட்டு இரண்டு என்று அடித்திருப்பார்கள். அதையெல்லாம் தேடிப்பிடித்துத் துடைத்து, ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளையும் ஒரே அட்டவணையாகச் சேர்த்து, ஐந்தாம் தேதிக்குள் சுகாதார ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

பக்கத்து நாற்காலிக்காரிக்கு கமா அக்கா என்று பெயர். எந்த வரியில் கமா விட்டுப்போயிருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். கண்ணாடிக்குச் சங்கிலி போட்டு மாட்டியிருப்பாள். "எங்க வீட்டுக்காரரோட முப்பது வருஷம் வாழ்ந்துட்டேன். நடுவுல ஒரு கமா வைக்க விட்டதில்ல அந்த மனுஷன். பேச ஆரம்பிச்சா ஒரே வாக்கியம்தான். அந்த ஆத்திரத்தைத்தான் இங்க வந்து தீத்துக்கறேன்" என்பாள்.

அன்று நான்காம் தேதி. இரண்டு பேரும் மூன்றாவது ஆலையின் கோப்பில் பாதிக்கு வந்திருந்தார்கள். பதினொன்றே காலுக்குக் கொழுந்தன் போன் பண்ணினான். அவனும் அதே கூடத்தில்தான் வேலை செய்தான். அண்ணனுக்கு முன்பே சேர்ந்தவன்.

"அண்ணி, அண்ணன் மெஷின் பக்கத்துல உக்காந்துட்டாரு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கறாரு. நீங்க வாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கீழே இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா கல்லுத் தூசியில இருக்காரு?"

"ஒன்பது வருஷம்."

"சோதனையே எடுக்கலையா?"

"மாசாமாசம் எடுக்கறாங்க. எண்பத்திரண்டு."

"எண்பத்திரண்டா? இந்த நெஞ்சுக்கா?" அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறாள் என்று நினைத்திருக்கலாம். "இதுல முப்பது இருந்தாலே அதிகம்."

நான்காம் நாள் காலையில் பார்வையாளர் மணி அடித்தபோது அவள் வெந்நீர்க் குப்பியோடு படியேறிக்கொண்டிருந்தாள். மேலே போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டர் அம்மா சான்றிதழில் 'கல் தூசியால் நுரையீரல் இறுகி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இதைச் சுகாதார ஆபீஸ்ல கொடுங்கம்மா. தொழிலால வந்த சாவுன்னு அவங்க பதிவு பண்ணிட்டா, அந்தக் கூடத்தை நிறுத்தியே ஆகணும். உள்ள இருக்கற ஒவ்வொருத்தனையும் திரும்பச் சோதிக்கணும். இவரு மாதிரி இன்னும் எத்தனை பேர் நிக்கறாங்களோ."

எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவனைத் தெரியும். பதினைந்தாம் நாளே கொழுந்தனை அண்ணன் நின்ற இடத்தில், பெரிய பிளேடுக்கு நேர் எதிரே, நிறுத்திவிட்டார்கள். அவனும் இருமினான். "சளிதான் அண்ணி" என்றான்.

சுகாதார ஆபீசிலிருந்து பதில் வர நான்கு வாரம் ஆனது. ஒரே தாள். 'இறந்தவரின் மாதாந்திரப் பரிசோதனை முடிவுகள் பதினான்கு மாதங்களாக மாற்றமின்றி இயல்பான அளவில் இருந்துள்ளதால், இதனைத் தொழில்சார்ந்த மரணமாகக் கருத முகாந்திரம் இல்லை.' பின்னால் அட்டவணையிலிருந்து எடுத்த ஒற்றை வரி ஊசியால் குத்தப்பட்டிருந்தது. 417. அதற்கு நேராகப் பதினான்கு பெட்டிகள். எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு.

அவள் அதை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி படித்தாள். மனிதனின் மூச்சு அப்படி நிற்காது. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, சளி பிடித்தால் ஒன்று என்று ஏறி இறங்கும். ஆயிரம் வரிகளை மாதாமாதம் பார்க்கிறவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினான்கு மாதம் ஓர் எண் அசையாமல் நின்றால் அது மூச்சு அல்ல. நகல்.

அவளுடைய பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் ஏறவில்லை.

அந்த நகலை எடுக்கச் சொல்லும் கட்டளை வரியை அவள் கம்ப்யூட்டரில் எழுதி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஓடுகிற லூப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்?

லூப் என்பது ஒரே வேலையைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் செய்வதற்கு எழுதும் கட்டளை. அவள் எழுதியது லூப்புக்குள் ஒரு லூப். கமா அக்காவுக்கு அவள் அதை இப்படித்தான் விளக்கியிருந்தாள்: வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வருகிற ஆள் மாதிரி. வெளி லூப் தெருத்தெருவாகப் போகும். ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் உள் லூப் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கதவைத் தட்டும். தெரு என்பது தொழிலாளி. வீடு என்பது மாதம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள எண்ணை எடுத்துப் பெரிய அட்டவணையில் எழுதிவிட்டு, தெரு முடிந்ததும் அடுத்த தெருவுக்குப் போகும்.

பூட்டிய வீடு வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதுதான் தலைவலி. சில தொழிலாளிகள் சில மாதம் ஊதியிருக்க மாட்டார்கள். கோப்பில் இரண்டு கமா ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் எண் இருக்காது. லூப் அங்கே வந்து 'எண் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடும். அந்த இடத்தைச் சரிசெய்து மறுபடி முதல் தெருவிலிருந்து கிளப்ப வேண்டும். இருபது வரி போவதற்குள் இன்னொரு பூட்டிய வீடு. ஒருநாள் காலையிலிருந்து மதியத்துக்குள் நாற்பத்தாறு முறை நின்றது. மேனேஜர் பின்னால் வந்து நின்று, "என்னம்மா, இன்னும் கிளம்பலையா உங்க தேர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் போன வேகத்தில் அவள் அந்த வரியை அடித்தாள். பெட்டி காலியாக இருந்தால், இடப்பக்கப் பெட்டியில் உள்ளதை எடுத்துக்கொள்.

அவ்வளவுதான். லூப் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. கமா அக்கா எழுந்து நின்று கைதட்டினாள்.

அவள் அப்போது ஒன்றும் அறியாமல் செய்துவிடவில்லை. கடன் வாங்கிய எண் எது, ஊதிய எண் எது என்று தெரிய வேண்டுமே என்று, எடுத்து எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடச் சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் நட்சத்திரத்தோடு போனது. மூன்றாம் மாதம் மேனேஜர் வந்தார். "இது என்னம்மா, ஆகாயம் மாதிரி இருக்கு? சுகாதார ஆபீஸ் மெஷின் நம்பரைத்தான் எடுத்துக்குமாம். நட்சத்திரத்தை எடுத்துடுங்க."

ஆகாயத்தைத் துடைக்கும்போது ஒரு கூத்தும் நடந்தது. நட்சத்திரத்தைத் தேடி அழி என்று அவள் கட்டளை கொடுத்தாள். தேடும் பெட்டியில் வெறும் நட்சத்திரம் போட்டால் அதற்கு 'எல்லாம்' என்று பொருள். ஒரு நொடியில் அட்டவணை மொத்தமும் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. அவள் கத்திவிட்டாள். கமா அக்காதான், "கத்தாதே, காலையிலயே அட்டவணையும் லூப்புமா ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கேன். முன்னாடி ஒரு அலைக்குறி போட்டுத் தேடுடி, நட்சத்திரம் மட்டும் போகும்" என்றாள். அலைக்குறி போட்டாள். நட்சத்திரம் மட்டும் போனது. அதற்குப் பிறகு கடன் வாங்கிய எண்ணும் ஊதிய எண்ணும் ஒரே முகமாக நின்றன.

பிறகு ஒருநாள், அவன் இருமல் விடாமல் தொடர்ந்தபோது, அவள் அட்டவணையில் 417-ஐத் தேடினாள். விதிப்படி பார்க்கக் கூடாது. பார்த்தாள். கடைசிப் பெட்டியை மட்டும் பார்த்தாள். சாயங்காலம் வந்து, "உங்க மூச்சு எண்பத்திரண்டு. போன வாரம் ஊதினீங்கதானே?" என்றாள். "ஊதினேன், ஊதினேன்" என்றான் அவன். இரண்டு பேரும் அதை நம்பினார்கள்.

பதில் வந்த அன்று கொழுந்தன் வீட்டுக்கு வந்தபோது அவள் அந்தத் தாளை அவன்முன் வைத்தாள்.

"உங்கண்ணன் எத்தனை தடவை ஊதினாரு? மறைக்காம சொல்லு."

அவன் தாளைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான். "ஒரே தடவை. போன வருஷ ஆரம்பத்துல."

"எங்கிட்ட ஊதினேன்னாரே."

"ஊதலைன்னா நீங்க திட்டுவீங்கன்னு... அண்ணி, வண்டி காலையில பத்து மணிக்கு வரும். அப்ப பெரிய பிளேடு கல்லுக்குள்ள பாதி இறங்கியிருக்கும். நடுவுல நிறுத்தினா கல்லு பிளந்துடும். ஃபோர்மன் விடமாட்டாரு. 'அடுத்த மாசம் ஊதிக்கோ, காத்து எங்கயும் போயிடாது'ம்பாரு."

"நீ?"

"நானும் அதே பிளேடுதானே."

அவள் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அது கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு பெட்டி. ஒன்றுதான் அவன் ஊதியது. மற்ற பதின்மூன்றையும் அவள் நிரப்பியிருக்கிறாள்.

அடுத்த பத்து நாளும் அவள் செருப்புத் தேய நடந்தாள்.

ஆலையின் சோதனை அறையில் நர்ஸ் தன் கோப்பைத் திறந்து காட்டினாள். 417-க்கு நேரே முதல் மாதம் எண்பத்திரண்டு, அதன்பின் கமா, கமா, கமா. "நாங்க காலியாத்தான் அனுப்பினோம். இருக்கறதைத்தானேம்மா அனுப்ப முடியும்?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வரிசையில் அவன் இறந்த மாதத்துக்கும் ஒரு கமா சேர்ந்திருந்தது.

"இவர் இறந்துட்டாரே. இன்னும் எண்ணை எடுக்கலையா?"

"வருஷக் கடைசியிலதான் எடுப்போம். நடுவுல எடுத்தா எல்லாருக்கும் வரிசை மாறிடும்."

மேனேஜர், "வந்ததைத்தான் அனுப்பினோம்" என்றார். அவள், "வராததையும் அனுப்பியிருக்கோம் சார்" என்றாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "லூப்ல முதல் வரியில யார் பேர் இருக்கு பாருங்க. எழுதினவங்க பேர். உங்க பேர். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே யோசிங்க." பிறகு குரலைத் தணித்து, "வீட்டுல இப்படி ஆகியிருக்கு. ரெண்டு வாரம் லீவு எடுத்துக்குங்களேன்" என்றார்.

அவள் லீவு எடுக்கவில்லை. கமா அக்கா அந்தப் பழைய நகலைத் தேடிக் கொடுத்தாள். நட்சத்திரங்களைத் துடைப்பதற்கு முன் எடுத்தது. மூன்று மாதத்துக்கான அட்டவணைதான் என்றாலும் 417-இல் முதல் எண்பத்திரண்டு மொட்டையாகவும், பிந்தைய இரண்டும் நட்சத்திரத்தோடும் நின்றன. "இதுக்கு மேல என்ன வேணும்? கொண்டுபோய் அந்தச் சுகாதார ஆபீஸ்காரன் மேசையில போடு" என்றாள். அவளே அச்செடுத்தும் கொடுத்தாள்.

சுகாதார ஆபீசில் பதிவு அலுவலரின் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி. இரண்டில் கட்டுக் காகிதம் உட்கார்ந்திருந்தது. அவள் மூன்றாவதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை. பொறுமையான மனிதர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம்னு இதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதல சார். நான் போட்டது. எனக்குத் தெரியும்."

"நீங்க யாரு?"

"அட்டவணை போடறவ."

"விண்ணப்பத்துல இறந்தவரோட மனைவின்னு இருக்கே."

"ரெண்டும் நான்தான்."

"அப்ப இதைச் சொல்றது அட்டவணை போடறவங்களா, மனைவியா?"

"சார், யார் சொன்னா என்ன? நர்ஸோட கோப்புல காலியா இருக்கு. உங்க கோப்புல நம்பர் இருக்கு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க."

"பாக்கலாம்மா. ஆனா திருத்தம்னா அதுக்கொரு படிவம் இருக்கு." இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் தாள். கீழே ஒரே ஒரு கோடு. திருத்தம் கோரும் தொழிலாளியின் கையொப்பம்.

"அவர் கையெழுத்துப் போடணும்."

"அவர் இறந்துட்டாருங்க."

"அப்ப அவர் பதிவைத் திருத்த வேண்டிய அவசியம் வராதே."

 அவள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து விரித்தாள். போன மாத அட்டவணை. விரலை வைத்துக் காட்டினாள்.

"இது பதினஞ்சாவது மாசம். இந்த மாசம் ஏழாம் தேதி அவர் போயிட்டாரு. உங்க கையில இருக்கே சான்றிதழ். வண்டி வந்தது பதினெட்டாம் தேதி. போய்ப் பதினோரு நாள் கழிச்சு வந்து எண்பத்திரண்டு ஊதியிருக்காரு. இதையாவது பாருங்க சார்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். மறுபடி அட்டவணையைப் பார்த்தார். முதல்முறையாகக் கொஞ்சம் சங்கடப்பட்டது போல இருந்தது.

"இறந்த தேதி எங்க அட்டவணையில இல்லம்மா. அது வேற செக்‌ஷன்."

"அந்த செக்‌ஷன் எங்க இருக்கு?"

"மாடியில. ஆனா அவங்ககிட்ட மூச்சுக் கணக்கு இருக்காது."

அவள் எழுந்தாள். "சார், நான் எனக்காகக் கேக்கல. அவர் தம்பி இப்ப அதே இடத்துல நிக்கிறான். அவன் ஊதியும் வருஷமாகுது. அவனை ஊதச் சொல்லணும்னா உங்க பதிவு மாறணும். அவ்வளவுதான்."

"அவர் உயிரோட இருக்காருதானே? அவரையே வந்து படிவம் கொடுக்கச் சொல்லுங்க. தாராளமா திருத்தலாம்."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனிடம் மஞ்சள் படிவத்தை நீட்டினாள். அவன் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஃபோர்மனுக்குத் தெரிந்தால் பிளேடிலிருந்து எடுத்துப் பாதிக் கூலிக்குக் கல் தூக்க அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு நாள் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"இந்தத் தடவை வண்டி வர்றப்ப யார் என்ன சொன்னாலும் போய் ஊதிடு. உங்கண்ணன் மேல ஆணையா" என்றாள்.

"சரி அண்ணி."

மூன்றாவது வாரம் முடிந்தபின் கேட்டாள்.

"ஊதினியா?"

"ஊதினேன், ஊதினேன்."

ஐந்தாம் தேதி காலையில் அவள் சீக்கிரமே ஆபீசுக்கு வந்தாள். கமா அக்கா இன்னும் வரவில்லை. லூப்பைத் திறந்தாள். வெளி லூப், உள் லூப், அதற்குள் அந்த வரி. பெட்டி காலியாக இருந்தால். அதன் தொடக்கத்தில் விரலை வைத்து, கடைசி எழுத்துவரை இழுத்து, அழித்தாள். பதிலாக, காலியைக் காலியாகவே எழுது என்று அடித்தாள். ஓடவிட்டாள். ஒருமுறைகூட நிற்கவில்லை. முடிந்தபோது அட்டவணையில் அறுநூற்றுப் பதினொரு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அவள் அதை அப்படியே அனுப்பினாள்.

"என்னடி பண்ணியிருக்கே?" என்றாள் கமா அக்கா, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே.

"உள்ளதை அனுப்பியிருக்கேன் அக்கா."

அக்கா சிறிது நேரம் திரையைப் பார்த்தாள். "இத்தனை பேரா?" என்றாள். பிறகு, "இத்தனை வருஷமா கமாவைத்தான் எண்ணியிருக்கேன். ரெண்டு கமாவுக்கு நடுவுல யாருன்னு ஒருநாள் பாக்கல" என்றாள்.

பதினொரு மணிக்குள் திரும்பி வந்துவிட்டது. மனிதர்கள் யாரும் பார்த்துத் திருப்பவில்லை. சுகாதார ஆபீசின் மெஷினே திருப்பியிருந்தது. 'காலிப் பெட்டிகள் ஏற்கப்படமாட்டா.'

மேனேஜர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கோபப்படவில்லை. "எந்திரிங்கம்மா" என்றார். எழுந்தாள். அவர் உட்கார்ந்து, கமா அக்காவின் பழைய நகலிலிருந்து லூப்பைத் திறந்து, அந்த வரியை மட்டும் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்தார். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது. நட்சத்திரம் போடச் சொல்லும் பாதியை அவர் அடிக்கவில்லை.

"நாளைக்கு உங்க கொழுந்தனே வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம். இன்னைக்கு அஞ்சாம் தேதி" என்றார். ஓட்டிவிட்டு எழுந்து போனார்.

கமா அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வெளிய போய் நிப்போம். இதைப் பாக்காதே."

"நீங்க போங்க அக்கா."

பழைய கம்ப்யூட்டர். ஆயிரத்து நூற்று நாற்பது வரியும் முடிய ஆறு நிமிடம் ஆகும். எந்த வரியில் போகிறதோ அந்த வரி நீலமாகும், எந்தப் பெட்டியில் நிற்கிறதோ அதைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம் விழும். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றபடியே பார்த்தாள்.

402. கொழுந்தனின் எண். கட்டம் முதல் பெட்டியிலிருந்து தட்டிக்கொண்டே போனது. எழுபத்து நான்கு, எழுபத்து நான்கு, எழுபத்து நான்கு. கடைசிப் பெட்டிக்கு வந்தது. இந்த மாதப் பெட்டி. காலை முதல் அது அவள் கண்முன் வெள்ளையாகத்தான் இருந்தது. கட்டம் இடப்பக்கம் ஒரு பெட்டி போய்விட்டுத் திரும்பி வந்தது. எழுபத்து நான்கு.

நீலம் கீழே இறங்கியது. பதினைந்து வரி.

417. பதினாறு பெட்டிகள். பதினைந்து வரை ஒரே ஓட்டம். பதினாறாவதின் முன் கட்டம் நின்றது. இடப்பக்கம் போனது. திரும்பி வந்தது.

எண்பத்திரண்டு.